யாழினியா, ஆதிரையா?

மும்பை செம்பூரில் இருக்கும் என் தங்கைக்கு மகள் பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த இரண்டு பெயரில் எதை வைப்பது என்று வீடே இரண்டாகி நிற்கிறது.

வாயில் நுழைவது
யாழினி: மராத்தியில் ள உண்டு, ழ இல்லை. அக்கம்பக்கத்தார் 'யாளினி' என்பார்கள், இந்திக்காரர்கள் 'யாலினி' என்பார்கள். ஆங்கிலத்தில் இசட் போட்டு எழுதினால் 'யாஜினி' ஆகிவிடும். என் மகள் பெயர் கயல்விழி. பள்ளியில் முதல் நாள் ஆசிரியை 'கயல்விஜி' என்று மூன்று முறை கூப்பிட்டும், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.
ஆதிரை: எல்லார் வாயிலும் வரும். கடைசி 'ரை' மட்டும் 'ரே' ஆகலாம்.

பொருள்
யாழினி: யாழிலிருந்து வந்த பெயர். கேட்டதுமே இனிக்கிறது.
ஆதிரை: வானத்து நட்சத்திரம். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவளும் ஆதிரைதான். மகளுக்குச் சொல்ல ஒரு கதையே இருக்கிறது.

அரிது
ஊர்ப்பக்கம் யாழினிகள் இப்போது நிறைய. ஆதிரை குறைவு.

நாலைந்து ஆண்டில் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடுவோம் என்பவர்கள் யாழினி என்றே வைக்கலாம், அங்கே ழ பத்திரமாக இருக்கும். மும்பையிலேயே பள்ளி, கல்லூரி, வேலை என்றால் ஆதிரை. தங்கையிடமும் அதையேதான் சொன்னேன். அவசரமில்லை, பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குள் இரண்டையும் தினம் உரக்கக் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.