கடையிலேயே சரிசெய்து தருவதாகச் சொல்லி விற்கப்படும் துப்பாக்கி லேசர்கள்: ஓர் எச்சரிக்கை

டெக்சஸில் வீட்டுப் பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர், குறிபார்ப்பதற்காக இலக்கின் மேல் ஒளிப்புள்ளியை விழச்செய்யும் லேசரை அதில் பொருத்திக்கொள்ளலாமா என்று அண்மையில் என்னிடம் கேட்டனர். டாலஸ் புறநகர்க் கடை ஒன்றில் அப்படிப் பொருத்திக்கொண்டு நான் ஏமாந்ததை, அதே கடைக்கோ அதைப் போன்ற வேறொன்றுக்கோ செல்லவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

என்னுடையது 9 மி.மீ. பிஸ்டல். குழலுக்குக் கீழேயுள்ள ரெயிலில் (துணைக்கருவிகளை மாட்டும் பள்ளத் தண்டில்) மாட்டும் பச்சை லேசர் ஒன்றைக் கடைக்காரர் காட்டி, புள்ளி விழும் இடத்தில்தான் குண்டும் பாயும் என்றும், கடையிலேயே ஜீரோ செய்து, அதாவது புள்ளியும் குண்டு படும் இடமும் பொருந்தும்படி சரிசெய்து தருவதால் சுடுதளத்துக்குச் சென்று சரிபார்க்கத் தேவையில்லை என்றும் உறுதியளித்தார். பிறகு தோட்டா வடிவிலுள்ள ஒரு சிறு லேசரைச் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள்) வைத்து, 5 கஜம் தள்ளியிருந்த பின்சுவரில் அதன் சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை திருகாணிகளைத் திருப்பினார். அந்த வேலைக்குத் தனிக் கட்டணமும் வாங்கினார்.

இந்த வேலையில் உள்ள குறையைப் புரிந்துகொள்ளச் சிறிது கணக்கு வேண்டும். லேசர் குழலுக்குள் இருப்பதில்லை. அதற்குக் கீழே, என் துப்பாக்கியில் ஏறத்தாழ 4 செ.மீ. தள்ளி, அமைந்திருக்கிறது. குழலின் நேர்கோடும் லேசரின் நேர்கோடும் ஒரே ஒரு தூரத்தில்தான் சந்திக்க முடியும். அதைத் தாண்டியதும், கீழிருந்து சாய்ந்து வரும் லேசர் மேலேறிக்கொண்டே போகும். 5 கஜத்தில் சந்திக்கும்படி வைத்துவிட்டால், 25 கஜத்தில் பச்சைப் புள்ளி குழலின் நேர்கோட்டுக்கு 16 செ.மீ. மேலே நிற்கும். புவியீர்ப்பால் குண்டு தாழ்வதையும் சேர்த்துக்கொண்டால், புள்ளியை நம்பிச் சுடுபவரின் குண்டு ஆறு அங்குலத்துக்கும் கூடுதலாகக் கீழே இறங்கியிருக்கும். வீட்டு அறைக்குள் 7 கஜத் தொலைவில் இந்த வித்தியாசம் இரண்டு செ.மீ.கூட வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அந்த அளவில் கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யல்ல. ஆனால் எந்தத் தொலைவுக்கு ஜீரோ செய்தார் என்பதை அவர் சொல்லவே இல்லை. இரண்டு கோடுகளும் சந்திக்காமல் இணையாகச் செல்லும்படி வைத்துக்கொள்ளும் இன்னொரு முறையும் உண்டு. அப்போது எந்தத் தொலைவிலும் புள்ளி அதே 4 செ.மீ. கீழேயே இருக்கும் என்பதால், நினைவில் வைத்துக்கொள்வது எளிது. இந்தத் தேர்வை வாடிக்கையாளரிடம் கேட்காமல் எவரும் செய்யக் கூடாது.

சேம்பருக்குள் வைக்கும் அந்த லேசர் தோட்டாவும் தொடக்கநிலைச் சரிபார்ப்புக்கு மட்டுமே உதவும். மலிவான தோட்டா சேம்பரின் நடுவில் நேராக உட்காராது. இம்மியளவு சாய்ந்தாலும் சுவரில் அது விரல் அகலமாகத் தெரியும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே தோட்டாக்களை, கையைத் தாங்கலில் வைத்துச் சுட்டுப் பார்ப்பதுதான் உண்மையான ஜீரோ. என் துப்பாக்கியைச் சுடுதளத்தில் அப்படிச் சுட்டபோது, குண்டுகள் கீழே மட்டுமல்லாமல் இடப்புறமாகவும் விலகின. ஒரு பெட்டித் தோட்டா தீர்வதற்குள் புள்ளி மறுபடியும் இடம் மாறியது. அங்கிருந்த பயிற்சியாளர் லேசரை விரலால் அசைத்துக் காட்டினார். சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியில் திருகாணி கழலாமலிருக்கப் பூசும் பசை பூசப்படவே இல்லை.

இதைவிட என்னைக் கவலைப்படுத்தியது லேசரின் ஒட்டுச்சீட்டு. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கப்படும் இவ்வகை லேசரின் ஆற்றல் 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் விதி. லேசரின் வகுப்பு, ஆற்றல், அலைநீளம், தயாரிப்பாளர் பெயர் ஆகியவை பொருளின் மீதே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எனக்கு விற்கப்பட்டதில் ‘ஆபத்து’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. பெட்டியில் மட்டும் 532 நானோமீட்டர் என்று போட்டிருந்தது. அந்த அலைநீளப் பச்சை ஒளி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் படிகங்களின் வழியே செலுத்தி உண்டாக்கப்படுவது. மலிவான தயாரிப்பில் வடிகட்டியை விட்டுவிட்டால் அகச்சிவப்பும் சேர்ந்தே வெளியே வரும். கூசும் ஒளிக்குக் கண் தானாக இமைக்கும். தெரியாத கதிருக்கு இமைக்காது. 2013-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 122 கைலேசர்களைச் சோதித்தபோது, பச்சையில் ஏறத்தாழ 90 விழுக்காடும் சிவப்பில் 44 விழுக்காடும் விதிக்கு உட்படவில்லை. அவை துப்பாக்கி லேசர்கள் அல்ல என்றாலும், பெயரற்ற பொருளை வாங்குவோர் இந்த எண்களை மனத்தில் கொள்ள வேண்டும்.

வீட்டுப் பயிற்சிக்கென்று, டிரிகரை இழுத்தால் ஒளிப்புள்ளி காட்டும் தோட்டா ஒன்றையும் சேர்த்து விற்றார்கள். பயிற்சிக்கு அது நல்ல கருவிதான். டிரிகரை இழுக்கும்போது கை எந்தப் பக்கம் வெட்டுகிறது என்பதைச் சுவரிலேயே காட்டிக்கொடுக்கும். ஆனால், துப்பாக்கியின் உண்மையான எடை கைக்குப் பழக வேண்டுமானால் உண்மைத் தோட்டாக்கள் நிரப்பிய மேகசினை (தோட்டாக் கூட்டை) மாட்டிக்கொண்டே பயிலலாம் என்று விற்பனையாளர் சொன்ன யோசனை, கேட்பவர் உயிரையோ அண்டை வீட்டார் உயிரையோ வாங்கிவிடக்கூடியது. ஸ்லைடை (துப்பாக்கியின் மேல் நகரும் பகுதியை) ஒருமுறை இழுத்துவிட்டால் உண்மைத் தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். தோட்டா இல்லாப் பயிற்சி நடக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. இதை அறியாதவரைக் கடையில் நிறுத்தியிருப்பது ஒன்றே அங்கே போகாமலிருக்கப் போதுமான காரணம்.

மார்பில் புள்ளியைக் கண்டதும் திருடன் ஓடிவிடுவான் என்றும் அவர் சொன்னார். லேசரைக் காட்டுவது என்பது துப்பாக்கியை ஒருவர் மீது நீட்டுவதேயன்றி வேறில்லை. டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 22.05-ஆம் பிரிவின்படி, தெரிந்தே ஒருவரை நோக்கித் துப்பாக்கியை நீட்டினால், அதில் தோட்டா இருப்பதாக நீட்டியவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும், அது ஆபத்தான அலட்சியமாகவே அனுமானிக்கப்படும். தற்காப்பு என்ற நியாயம் இருந்தாலன்றி, அந்தப் புள்ளி நம்மையே குற்றவாளியாக்கிவிடும்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, ஒருமுறை மாட்டிய லேசரை வாங்க மாட்டோம் என்றனர். பொருத்தும் வேலையில் இருந்த குறையைச் சொன்னதும், நான் சுட்டதால்தான் அது தளர்ந்தது என்றனர். சுடுவதற்காக விற்கப்பட்ட பொருளுக்கு இப்படியும் ஒரு விளக்கம்! கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கு ரசீது, ஒட்டுச்சீட்டின் படம், சுடுதளத்து இலக்குத்தாள் ஆகியவற்றோடு எழுதிய பிறகு லேசரின் விலை மட்டும் திரும்பி வந்தது. பொருத்திய கட்டணம் வரவில்லை. அதற்காக மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே போன்ற லேசரை வாங்கியிருப்பவர்கள் முதலில் அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தக் கட்டணம் முதலில் இடம்பெற்ற கார்டு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் கார்டு நிறுவனத்துக்குப் போய்ச்சேரும்படி தங்கள் மறுப்பை எழுத்து மூலமாக அனுப்பிவிட வேண்டும். தொலைபேசியில் சொல்வது மட்டும் சட்டப்படி போதாது.