“வெயிலுக்குப் பழக்கிய” மலை ஆர்க்கிட் வாங்கி ரூ.14,400 போச்சு – உஷார்

நேத்து ராத்திரி என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. இனிமே காத்திருந்து பிரயோஜனம் இல்லை, எழுதிடறேன். போனது ரூ.14,400. செடி விற்கிற ஒரு ஆன்லைன் கடை. பேரைச் சொல்லப்போறதில்லை, வேற பேரில் புதுக் கடை திறக்க இவங்களுக்கு அரை மணி நேரம் போதும். எப்படி விற்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கங்க. எதையெல்லாம் பார்த்து வாங்கணும்னு கடைசியில் விவரமா எழுதறேன்.

கணக்கு இதுதான், எல்லாமே ஆர்க்கிட் வகைகள்: சிம்பிடியம் ஆறு, ஒண்ணு 1,350. மஸ்டிவேலியா ரெண்டு, ஒண்ணு 1,900. மில்டோனியாப்சிஸ் ஒண்ணு 1,600. கூரியர் 900. வைக்கிற இடம் திருச்சியில் மொட்டை மாடி, நிழல்வலைக்குக் கீழே. விளம்பர வாசகம்: “மலைச் செடி, ஒன்றரை வருஷமா சென்னையில் பழக்கியது, வெளியிலேயே பூக்கும்.”

பெரிய பூ விடுற சிம்பிடியம் கலப்பின ரகங்களோட பூர்வீகம் இமயமலைச் சரிவு. பகல் வெயில் அதுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. தண்ணியும் காத்தும் இருந்தா 32, 33 டிகிரியைத் தாங்கிக்கும். பிரச்சினை ராத்திரிதான். பூந்தண்டு கிளம்பணும்னா ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைக்குள் சில வாரமாவது இரவு 15 டிகிரி பக்கம் இறங்கணும், பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் வேணும். காலிம்போங்கிலும் சிக்கிமிலும் அது தானா நடக்குது. திருச்சியில் செப்டம்பர் இரவு 25, ஜனவரி விடியற்காலையே 20-ஐ ஒட்டித்தான். அதனாலதான் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “உங்க இடத்தில் இரவு எவ்வளவு இறங்குது?”

பத்து நிமிஷத்தில் படம் வந்தது. குறைந்தபட்ச-அதிகபட்ச வெப்பமானி, கீழ் அளவு 24. பக்கத்திலேயே ரெண்டு பூந்தண்டோட சிம்பிடியம், பின்னாடி மாடிக் கைப்பிடிச் சுவரும் கறுப்புத் தண்ணித் தொட்டியும். கூடவே ஒரு வரி: “கோல்டன் எல்ஃப் ரகம் அண்ணா, என்சிஃபோலியம் கலப்பு, அதான் சூட்டில் பூக்குது.” இந்தத் தகவல் சரி. என்சிஃபோலியம்ங்கிறது சூடு தாங்குற ஒரு சிம்பிடியம் இனம், அந்த ரத்தம் உள்ள கோல்டன் எல்ஃப் உண்மையிலேயே சூடு தாங்கிப் பூக்கிற ரகம். ஏமாத்துறவன் இவ்வளவு கச்சிதமா பதில் சொல்லமாட்டான்னு நினைச்சேன். அந்த நினைப்புக்கு விலை 14,400.

படத்தில் இருந்த ஓட்டை அப்புறம்தான் உறைச்சது. வெப்பமானி காட்டினது அன்னிக்கு இருந்த இரவை. அந்தத் தண்டு கிளம்பினது மூணு நாலு மாசத்துக்கு முன்னாடி, மலையில். தண்டோட இருக்கிற செடியை லாரியில் இறக்கி, யார் வீட்டு மாடியில் வேணும்னாலும் வெச்சுப் படம் எடுக்கலாம்.

பெட்டி பிப்ரவரி முதல் வாரம் வந்தது. தொட்டியின் மேலே ரெண்டு விரல் கனத்துக்குச் சமவெளியில் போடுற மாதிரி கரியும் செங்கல் துண்டும். கவிழ்த்துத் தட்டினா உள்ளே மலை நாற்றங்காலின் பழைய கலவை அப்படியே இருக்கு: பெரணி வேர்த்துண்டு, மக்கின இலை, பச்சை மாறாத பாசி. பாசிக்குள்ளே விரல் நுனி அளவுக்கு ஒரு குட்டிப் பெரணி, உயிரோட. ஒன்றரை வருஷம் சென்னை மாடியில் இருந்த தொட்டியில் அது எப்படிப் பிழைச்சிருக்கும்? கரிக்குள்ளே ஒரு புது வேர்கூட இறங்கலை. வேரை நகத்தால் பிடிச்சு இழுத்தா மேல் உறை வழுக்கிக்கிட்டு வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சுது. வழியிலேயே வெந்த வேர்.

பல்புகளை, அதாவது செடியின் அடியில் தண்ணி சேர்த்து வைக்கிற குமிழ்களைப் பார்த்தா இன்னும் தெளிவு. சிம்பிடியம் வருஷத்துக்கு ஒரு பல்பா பக்கவாட்டில் நகர்ந்துக்கிட்டே போற செடி, அதனால் அதோட வரலாறு அதிலேயே இருக்கும். சமவெளிக்கு வந்து வருஷமாச்சுன்னா கடைசிப் பல்பு முந்தினதைவிடச் சிறுத்திருக்கும். இங்கே பூத்திருந்தா அந்தக் கடைசிப் பல்பின் அடியில் காய்ஞ்ச தண்டின் கட்டை நிக்கும். ஆறு செடியிலும் கடைசிப் பல்புதான் பெரிசு. கட்டையே இல்லை. கோல்டன் எல்ஃப் லேபிள் பழைய லேபிள் மேல் ஒட்டினது. சுரண்டினா கீழே வெறும் ‘பிங்க்’.

ரெண்டு செடியில் தண்டு இருந்தது. எட்டே நாளில் மொட்டு மஞ்சளாகி ஒவ்வொண்ணா உதிர்ந்தது. மார்ச்சில் மஸ்டிவேலியா ரெண்டும் போச்சு. அது ஆண்டிஸ் மலையின் மேகக்காட்டுச் செடி, இரவு 10 முதல் 13 டிகிரி கேட்கும், தண்ணி சேர்த்து வைக்கப் பல்பே கிடையாது. சூடான இரவில் பகலில் சேர்த்த சர்க்கரையையெல்லாம் சுவாசத்திலேயே செலவழிச்சிடும். இலைக்காம்பு கறுத்து, தொட்டவுடனே கழண்டு வரும். மில்டோனியாப்சிஸ் இலை விசிறி மடிப்பா சுருங்கி வந்தது, அப்புறம் அடி அழுகல்.

இனி அவங்க பதில்கள். முதல் வாரம்: “பயணக் களைப்பு அண்ணா, பொறுங்க.” மூணாவது வாரம்: “தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க.” அடுத்து ஒரு பொன்மொழி: “தினம் சாயங்காலம் தொட்டியில் நாலு ஐஸ் கட்டி போடுங்க.” ஐஸ் வேரைக் கொஞ்ச நேரம் குளிர்விக்கும், 30 டிகிரியில் இருக்கிற இலையை என்ன செய்யும்? அதுக்கப்புறம் “ஃபாகர் வாங்குங்க, நம்மகிட்டயே இருக்கு, 3,200தான்.” ஃபாகர்னா தண்ணியைப் பனிமூட்டம் மாதிரி தெளிக்கிற கருவி. இங்கேதான் கோபம் தலைக்கேறினது. மூட்டம் விட்டா காத்து ஈரக்குமிழ் வெப்பநிலை வரைக்கும்தான் குளிரும், அதாவது தண்ணி ஆவியாகிக் குளிர்விக்கக்கூடிய கடைசி எல்லை. மே மதியம் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம்னா கணக்குப்படி 24 வரைக்கும் இறக்கலாம். ராத்திரி 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னா? அப்பவும் அதே 24தான். எந்த நேரத்தில் குளிர் வேணுமோ அந்த நேரத்தில் ஃபாகர் மூணு டிகிரிக்கு மேல் உதவாது. மின்விசிறி இல்லாம ராத்திரி முழுக்க ஓட்டினா இலை நனைஞ்சே கிடந்து அழுகும். இது தெரியாதவன் என்சிஃபோலியம் பத்திப் பேசமாட்டான், தெரிஞ்சேதான் விற்கிறான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை.” லேபிள் சுரண்டின படத்தை அனுப்பினேன். ரெண்டு நீல டிக், பதில் இல்லை. பிரிச்ச வீடியோவை அனுப்பினேன். “அடுத்த ஆர்டரில் 20 சதவீதம் தள்ளுபடி தர்றோம்.” 14,400 ரூபாய்க்குப் பதில் தள்ளுபடி! கடைசியா, சொன்னதும் வந்ததும் வேறன்னு நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிஞ்சு அந்தப் புகார் எண்ணை அவங்களுக்கு அனுப்பினேன். அன்னிக்கு ராத்திரிதான் பிளாக். இணைய வணிகத்துக்கான 2020 விதிகள்படி புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கணும், ஒரு மாசத்தில் தீர்வு சொல்லணும். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கவும் கூடாது. பார்ப்போம்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது:

மஸ்டிவேலியா, டிராகுலா (இதுவும் ஒரு மலை ஆர்க்கிட்), மில்டோனியாப்சிஸ் மூணையும் சமவெளியில் வெளியே வளர்க்க முடியாது. யார் எந்தப் படம் காட்டினாலும் சரி. சிம்பிடியம் ஆசைன்னா அலாய்ஃபோலியம், பைகலர். ரெண்டும் நம்ம ஊர்க் காட்டுச் செடி, தண்டு தொங்கிப் பூக்கும், காட்டிலிருந்து பறிச்சதை மட்டும் வாங்காதீங்க. “இங்கே பூத்தது”ன்னா கடைசிப் பல்பில் காய்ஞ்ச தண்டுக்கட்டையைப் படமா கேளுங்க, பூவை இல்லை. தொட்டியைக் கவிழ்த்து வேர்ப்படம் கேளுங்க. மார்ச் முதல் ஜூன் வரை கூரியரில் ஆர்டர் வேண்டாம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே யூபிஐ-யில் அனுப்பாதீங்க, நான் அனுப்பினேன். பெட்டி பிரிக்கிறதை வெட்டாம வீடியோ எடுங்க.

ஆறு சிம்பிடியத்தில் நாலு உயிரோட இருக்கு. இலை விடும், வருஷக்கணக்கில் விடும், பூக்காது. கரி மட்டும் போட்டு மாத்தி வெச்சிருக்கேன்.

இன்னிக்குக் காலையில் வேற நம்பரிலிருந்து அந்தக் கடைப் பக்கத்தைப் பார்த்தேன். அதே வெப்பமானிப் படம், அதே தண்ணித் தொட்டி. “கடைசி 5 செடிகள்” – விலை 1,350-லிருந்து 1,500 ஆகியிருக்கு.