பின்னறையில் டேப்லெட்: ரிப்பீட்டர் வாங்குவதா, கேபிள் இழுப்பதா?

கொங்குப் பக்கம் பல வீடுகளின் அமைப்பு ஒரே மாதிரிதான். முன்னால் புதிதாகக் கட்டிய டெரஸ் வீடு, அதை ஒட்டிப் பின்னால் ஒன்றரை அடிச் சுவரோடு பழைய ஓட்டு வீடு. ஃபைபர் இணைப்பு முன் ஆசாரத்தில் டிவிக்குப் பக்கத்தில் வந்து இறங்கும். டேப்லெட்டோ பிள்ளை படிக்கும் பின்னறையில் இருக்கும், இல்லையென்றால் அப்பாரு கட்டிலில் இருக்கும். நடுவில் இரண்டு மூன்று சுவர், ஒரு காங்கிரீட் படிக்கட்டு, சில வீடுகளில் ஓர் இரும்பு பீரோ. சிக்னல் அங்கேயே செத்துவிடும்.

இதற்குக் கடைக்காரர் சொல்லும் வழி ரிப்பீட்டர். இன்னொரு வழி லேன் கேபிள் இழுத்து, அந்த முனையில் இன்னொரு ரூட்டர் வைப்பது. எங்கள் வீட்டில் கேபிள்தான் இழுத்திருக்கிறோம். இந்தக் கட்டுரை அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. டேப்லெட்டை ரூட்டருக்குப் பத்தடிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் சேரவில்லை என்றால் கோளாறு தூரத்தில் இல்லை, எதை வாங்கினாலும் தீராது. வைஃபை பெயரே பட்டியலில் வரவில்லையா? பழைய, விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரை அவை காட்டவே காட்டாது. ரூட்டரில் சேனல் 12 அல்லது 13 வைத்திருந்தாலும், வெளிநாட்டில் வாங்கி வந்த சில டேப்லெட்டுகளில் பெயர் வராது. பெயர் வருகிறது, சரியான பாஸ்வேர்டு போட்டும் ஏற்கவில்லை என்றால் ரூட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். சேர்ந்துவிட்டது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லையா? தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கி நாள்கணக்கில் கிடந்த டேப்லெட் பழைய தேதியோடு எழுந்தால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாமே செல்லாது என்று அடம்பிடிக்கும். ரூட்டரில் மேக் முகவரி வடிகட்டி (கருவியின் அடையாள எண்ணைப் பார்த்து உள்ளே விடும் ஏற்பாடு) போட்டிருந்தால் இன்னொரு சிக்கல். ஆண்ட்ராய்டு 10, ஐபேட் ஓஎஸ் 14 முதல் டேப்லெட் தன் உண்மையான முகவரியைக் காட்டாமல் மாற்று முகவரி ஒன்றைக் காட்டும். டேப்லெட்டின் பெட்டியில் அச்சடித்த எண்ணை ரூட்டரில் ஏற்றி வைத்திருந்தால் உள்ளே விடாது.

இதெல்லாம் சரியாக இருந்து, பின்னறைக்குப் போனால் மட்டும் தடுமாறினால்தான் மேலே படிக்க வேண்டும்.

ரிப்பீட்டர் எங்கே ஏமாற்றும்

ரிப்பீட்டர் செய்யும் வேலை எளிது. முன் ரூட்டரின் சிக்னலைக் காற்றிலேயே வாங்கி, திரும்பக் காற்றிலேயே விடும். ஒரே பேண்டில் (2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்) ஓடும் ரிப்பீட்டருக்கு ஒரே ரேடியோதான். வாங்கும்போது விட முடியாது, விடும்போது வாங்க முடியாது. அதனால் வேகம் பாதியாகக் குறையும். பாதி கிடைத்தாலும் வீடியோ பாடத்துக்குப் போதும்தான். 5 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் ஒரு டேப்லெட்டுக்குத் தாராளம்.

ஆனால் பலரும் ரிப்பீட்டரை மாட்டும் இடமே தப்பு. சிக்னல் இல்லாத அறையின் பிளக்கில்தான் மாட்டுகிறார்கள். தனக்கே சோறில்லாதவன் பந்தியில் எதைப் பரிமாறுவான்? டேப்லெட்டுக்கும் ரிப்பீட்டருக்கும் நாலடிதான் தூரம் என்பதால் திரையில் வைஃபை கோடு முழுசாக நிற்கும். படமோ சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கோடு ரிப்பீட்டர் வரைக்குமான கணக்கு. ரிப்பீட்டரிலிருந்து முன் ரூட்டர் வரைக்கும் என்ன நிலை என்று டேப்லெட் சொல்லாது. மாட்ட வேண்டிய இடம் பாதி வழி. வைஃபை அனலைசர் ஆப் ஒன்றை ஆண்ட்ராய்டு போனில் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். முன் ரூட்டரின் சிக்னல் –65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; பூச்சியத்தை விட்டு விலக விலகப் பலம் குறைவு) அளவுக்கு இருக்கும் கடைசி இடம் எதுவோ, அதுதான். –75க்குப் போய்விட்டால் வீண். அந்தப் பாதி வழியில் பிளக் பாயின்ட் இருக்குமா என்பது அடுத்த கேள்வி. பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது.

கேபிள் வேலை, உள்ளபடி

தேவையானவை: கேட்5இ அல்லது கேட்6 கேபிள், ஆர்ஜே45 ஜாக் நான்கு (இரண்டு போதும், மற்ற இரண்டு கைதவறினால்), கிரிம்பிங் டூல், முக்கால் அங்குல பிவிசி பைப், அட்டாலியில் கிடக்கும் பழைய ரூட்டர் ஒன்று. கேபிள் வாங்கும்போது முழுத் தாமிரக் கம்பியா என்று கேளுங்கள். அலுமினியத்துக்கு மேல் தாமிரம் பூசியது விலை குறைவு, ஆனால் வளைக்கும் இடத்தில் ஒடியும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பைப் இல்லாமல் ஓட்டுக்கடியில் விட்டால் எலியும் அணிலும் கடிக்கும். அதைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

ஜாக் அடிக்கும்போது கொக்கி கீழ்ப்பக்கம், கேபிள் உங்கள் பக்கம் இருக்கட்டும். இடமிருந்து வலம் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி பிரிந்து 3, 6ஆம் இடங்களில் உட்காருவதைக் கவனியுங்கள். கைப்பழக்கமில்லாதவர்கள் நிறத்துக்கு நிறம் பக்கத்தில் வைத்து, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் 3ஆம் கம்பியும் 6ஆம் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட ஜோடியாக இருந்தால்தான் இரைச்சல் அடங்கும். இல்லாவிட்டால் ஐந்து மீட்டரில் ஓடும் கேபிள் முப்பது மீட்டரில் விட்டு விட்டு ஓடும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளித்தோலும் ஜாக்குக்குள் போய்க் கவ்வப்பட வேண்டும். இல்லையென்றால் இழுபடும்போதெல்லாம் தொடர்பு போகும்.

பழைய ரூட்டரைத் தயார் செய்ய, முதலில் அதைத் தனியாக ஓடவிட்டு, ரீசெட் பொத்தானைப் பத்து நொடி அழுத்துங்கள். டேப்லெட்டையோ லேப்டாப்பையோ அதில் சேர்த்து அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். முன் ரூட்டரின் ஐபி எண் (வீட்டு வலைக்குள் அதன் முகவரி) 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.250 மாதிரி ஓர் எண் கொடுங்கள். முன் ரூட்டர் மற்ற கருவிகளுக்குப் பங்கிடும் எண்களுக்குள் அது வராமல் இருக்க வேண்டும். சேமித்ததும் பக்கம் மறைந்துபோகும், பயப்பட வேண்டாம். புது எண்ணில் திரும்பத் திறக்கும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றும் முன் ரூட்டரில் உள்ளபடியே இருக்கட்டும். சேனல் மட்டும் வேறு: 2.4 கிகாஹெர்ட்ஸில் முன்னது 1 என்றால் இது 11. டிஹெச்சிபியை (கருவிகளுக்கு எண் பங்கிடும் வேலையை) கடைசியாக அணையுங்கள். முதலிலேயே அணைத்தால் உங்கள் டேப்லெட்டுக்கே எண் கிடைக்காமல் பாதியில் வெளியே நிற்பீர்கள்.

கேபிளைச் செருக வேண்டியது லேன் ஓட்டையில். நிறம் வேறாக, தனியாக இருக்கும் ‘வேன்’ (வெளி இணைய இணைப்புக்கான) ஓட்டையில் அல்ல. அதில் செருகி டிஹெச்சிபியையும் விட்டுவைத்தால் இணையம் வரும்தான், ஆனால் வீட்டுக்குள் இரண்டு தனி வலை உருவாகிவிடும். பின்னறை டேப்லெட்டிலிருந்து முன்னறை டிவிக்குப் படம் அனுப்ப முடியாது, பிரின்டரும் கண்ணுக்குத் தெரியாது. டிஹெச்சிபியை அணைக்க மறந்து லேன் ஓட்டையில் செருகினால் அதைவிட மோசம். இரண்டு ரூட்டரும் ஆளுக்கொரு பக்கம் எண் கொடுக்கும். வீட்டில் எந்தக் கருவிக்கு எப்போது இணையம் போகும் என்று சொல்ல முடியாது.

கரண்ட் போனால்

மேலே சொன்னதெல்லாம் ஒருநாள் வேலை. ஆண்டுக்கணக்கில் இந்த ஏற்பாட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் எங்கள் முடிவு நின்றது. அங்கே மின்தடைதான் முதல் ஆள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின்வாரியத்திலிருந்து அறிவிப்பு வரும். கோடை மழையில் ஒரு மட்டை கம்பியில் விழுந்தால் அது தனிக் கணக்கு.

முன்னறையில் ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் இன்வெர்ட்டரிலோ மினி யூபிஎஸ்ஸிலோ ஓடிக்கொண்டிருக்கும். ரிப்பீட்டர் மாட்டிய பிளக் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. இன்வெர்ட்டர் போடும்போது விளக்கு, ஃபேனுக்குத்தான் லைன் இழுத்திருப்பார்கள். ஆக, கரண்ட் போனதும் முன்னறையில் இணையம் இருக்கும், பின்னறையில் இருக்காது. கரண்ட் வந்த பிறகும் கதை முடியாது. முன்னறையில் பேக்கப் இல்லாத வீட்டில் ஃபைபர் பெட்டி எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ரிப்பீட்டர் அதற்குள் எழுந்து, இணையமே இல்லாத வெறும் வைஃபையை ஒலிபரப்பத் தொடங்கிவிடும். டேப்லெட் ஆசையாக அதில் ஒட்டிக்கொண்டு, ‘இணையம் இல்லை’ என்று கண்டு, சில மாடல்களில் தானாகச் சேர்வதையும் நிறுத்திக்கொள்ளும். சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டியே தறி ஓடும் இடங்களில் மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் இறங்கி ஏறுவது வேறு. ஒவ்வொரு முறையும் யாராவது போய்ப் பிடுங்கி மாட்ட வேண்டும். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்தால் அதை யார் செய்வது?

இன்னொன்று. ரிப்பீட்டர் முன் ரூட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும். இணைப்பு கொடுப்பவர் பெட்டியை மாற்றினாலோ, பாஸ்வேர்டை மாற்றினாலோ ரிப்பீட்டர் அநாதை. முதலிலிருந்து அமைக்க வேண்டும். கேபிளுக்கு அந்தப் பேச்சே இல்லை.

கேபிளில் கரண்டுக்கும் வழி இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் ஓட 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும். மீதி நீல ஜோடி, பிரவுன் ஜோடி வழியாக முன்னறை மினி யூபிஎஸ்ஸின் 12 வோல்ட்டையே பின்னறைக்கு அனுப்பலாம். இதற்கென்று ஜோடியாகப் பிஓஇ ஸ்பிளிட்டர் (லேன் கேபிளிலேயே கரண்டை ஏற்றி இறக்கும் சிறு இணைப்பு) விற்கிறார்கள்: ஒன்று முன்னே, ஒன்று பின்னே. அடாப்டர் லேபிளைப் படித்துவிட்டு மாட்டுங்கள். பின்னறை ரூட்டர் 9 வோல்ட் என்றால் இந்த வழி ஆகாது. கேபிளில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். முழுத் தாமிரத்தில் முப்பது மீட்டருக்கு, போகவர சுமார் இரண்டரை ஓம். அரை ஆம்பியர் இழுக்கும் ரூட்டருக்கு ஒன்றேகால் வோல்ட் குறையும். மறுமுனையில் 10¾ வோல்ட் கிடைக்கும், பெரும்பாலான ரூட்டர்கள் ஓடிவிடும். அலுமினியக் கேபிளில் இழப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அங்கேதான் ரூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். மினி யூபிஎஸ் 2 ஆம்பியர் என்றால் முன்னறைப் பெட்டியும் பின்னறை ரூட்டரும் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது. இந்த வகை ஸ்பிளிட்டர் போட்டால் ஜிகாபிட் கிடைக்காது, அதற்கு எட்டுக் கம்பியும் வேண்டும். டேப்லெட்டுக்கு அது ஒரு குறையே இல்லை.

வீட்டைத் தாண்டினால்

தோட்டத்துச் சாளைக்கோ (குடிசைக்கோ) கட்டுத்தரைக்கோ (மாட்டுத் தொழுவத்துக்கோ) இழுக்க வேண்டுமென்றால் தாமிரக் கேபிளை நாங்கள் சொல்ல மாட்டோம். அதன் எல்லை 100 மீட்டர் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் இடி. ஏப்ரல், மே மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பக்கத்தில் இடி விழுந்தால், வெட்டவெளியில் கிடக்கும் கம்பியில் மின்னழுத்தம் ஏறி, இரண்டு முனையிலும் ரூட்டரின் லேன் ஓட்டையைச் சுட்டுவிடும். அங்கே ஃபைபர் டிராப் கேபிள் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் பெட்டி) வையுங்கள். ஒற்றை இழையில் ஓடும் கன்வெர்ட்டரை ‘ஏ’ ஒன்று, ‘பி’ ஒன்று என்று ஜோடியாக வாங்க வேண்டும். இரண்டும் ஒரே வகையானால் விளக்கு எரியாது. நேர்பார்வையில் டிஷ் வைத்து அனுப்பும் முறையும் உண்டு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் மாதிரி நடுவில் தென்னந்தோப்பு இருந்தால் அது கைகொடுக்காது. ஈர மட்டை சிக்னலை விழுங்கும்.

மெஷ் பெட்டிகளை (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடுபவை) பற்றி இரண்டே வரி. காற்றிலேயே பேசிக்கொள்ளும்படி வைத்தால் அதுவும் மேலான ரிப்பீட்டர்தான், பின்னறைப் பிளக் பிரச்சினை அப்படியே இருக்கும். கேபிளில் கோத்தால் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் வைத்துப் பார்க்காததால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டோம். போன் ஹாட்ஸ்பாட் அவசரத்துக்கு மட்டும்.

கேபிள் வழியிலும் ஒரு தொல்லை உண்டு. டேப்லெட் முன்னறையில் சேர்ந்துவிட்டு, பின்னறைக்கு வந்த பிறகும் பழைய சிக்னலையே பிடித்துக்கொண்டிருக்கும். ஐபேட் –70 டிபிஎம்முக்குக் கீழே போனால்தான் வேறு இடம் தேடும். முன் ரூட்டரில் ஒலிபரப்புத் திறனை ‘ஹை’யிலிருந்து ‘மீடியம்’ ஆக்கினால் சீக்கிரம் கைவிடும். பழைய ரிப்பீட்டரின் பெயர் டேப்லெட்டில் சேமித்திருந்தால் அதை மறக்கச் செய்துவிடுங்கள். இல்லையென்றால் அதையே தேடிப் போகும்.

திருப்பூர் லைன் வீடுகள் மாதிரி வாடகை இடத்தில், வீட்டுக்காரர் சுவரில் துளை போட விடமாட்டார் என்றால் ரிப்பீட்டர்தான் வழி, தப்பில்லை. இரண்டு பேண்டும் உள்ளதாக, அடியில் ஒரு லேன் ஓட்டையும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ (கேபிளில் வாங்கி வைஃபையாக விடும்) முறையும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நாளைக்குச் சொந்த வீட்டுக்குப் போய்க் கேபிள் இழுக்கும்போது அதே பெட்டியைப் பின்னறையில் வைத்துக்கொள்ளலாம்.