டிரஸ்டி பயிற்சி: பாடம் அருமை, வரவேண்டியவர்தான் வரவில்லை

கூட வேலை பார்க்கும் தோழி ஒருவரை, வடமேற்கு லண்டனில் உள்ள ஒரு யூத முதியோர் அறக்கட்டளை டிரஸ்டியாக, அதாவது அறக்கட்டளையை நிர்வகிக்கும் போர்டில் ஒருவராக, சேரக் கேட்டிருக்கிறது. "நீங்கதான் பல வருஷமா இந்த மாதிரி ஒண்ணுல பொருளாளரா இருக்கீங்களே, யூத அறக்கட்டளை டிரஸ்டிகளுக்கு நடத்துற அந்தப் பயிற்சிக்குப் போகலாமா?" என்று கேட்டார். வாட்ஸப்பில் பதில் எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். டிரஸ்டிக்குச் சம்பளம் கிடையாது, சட்டப் பொறுப்பு உண்டு என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கு இது. அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சாரிட்டி கமிஷன், டிரஸ்டிகளின் கடமைகளைப் பற்றி வெளியிட்ட சி.சி.3 கையேட்டை ஒரு தடவையாவது புரட்டியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் யூதர் இல்லை. கணக்காளர், ஹென்டனில் குடியிருப்பவள். பக்கத்தில் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடும், கூட்டிவர ஒரு மினிபஸ்ஸும் நடத்தும் சின்ன அறக்கட்டளையில் பொருளாளர் ஓய்வு பெற்றபோது, கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். சேர்ந்ததும், யூத சமூக அறக்கட்டளைகளின் டிரஸ்டிகளுக்காகவே நடத்தப்படும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மாலை வகுப்புகள், அதன்பின் ஒரு வருஷத்துக்கு வழிகாட்டி ஒருவர், அப்புறம் சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண். அமைப்பு இவ்வளவுதான்.

பாடம் உண்மையிலேயே அருமை. கணக்காளர் தொழிலில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

நிதிக் கட்டுப்பாட்டு வகுப்பில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். இடப்பக்கம் கமிஷனின் சி.சி.8 வழிகாட்டியில் உள்ளவை: காசை இரண்டு பேராக எண்ணுங்கள், ஒரே ஆள் பணம் வாங்கி அவரே கணக்கும் எழுதக்கூடாது, இப்படி. வலப்பக்கம் யூதர்களின் பழைய சட்ட நூல்களான மிஷ்னா, தல்மூத் வரிகள். அறநிதியை இரண்டு பேர் சேர்ந்துதான் திரட்ட வேண்டும், மூன்று பேர் சேர்ந்துதான் பங்கிட வேண்டும் என்கிறது தல்மூத்தின் பாவா பத்ரா பகுதி. பங்கிடுவது பண வழக்கில் தீர்ப்புச் சொல்வது போன்றது, அதற்கு நீதிபதிகள் மூவர் வேண்டும் என்பது காரணம். திரட்டப் போனவர் தெருவில் காசைக் கண்டெடுத்தால் தன் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. அறநிதிப் பையில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போனபிறகு எடுத்துக்கொள்ளலாம். சில்லறை மாற்ற வேண்டுமென்றால் தன் சொந்தக் காசோடு மாற்றக் கூடாது, வேறு ஆளிடம் மாற்ற வேண்டும். எல்லாம் பார்க்கிறவர் கண்ணுக்குச் சந்தேகம் வராமல் இருக்கத்தான்.

அதற்குக் கீழே மிஷ்னாவின் ஷெகாலிம் பகுதியிலிருந்து ஒன்று. எருசலேம் ஆலயக் கருவூலத்துக்குள் பணம் எடுக்கப் போகிறவர், மடித்துத் தைத்த மேலாடையோ செருப்போ அணிந்து போகக்கூடாது. பின்னாளில் அவர் ஏழையானால் 'கருவூலத்தில் கைவைத்த பாவம்' என்பார்கள், பணக்காரரானால் 'கருவூலத்துப் பணம்' என்பார்கள். ஆகவே உள்ளே போகும்போதே ஒளிக்க இடமில்லாமல் போகட்டும் என்கிறது. நான் படித்த பாடங்களில் இதே விதிகளை மோசடித் தடுப்பு என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். நேர்மையாக வேலை செய்கிறவரின் பெயரைக் காப்பாற்றுவதும் இந்த விதிகளின் வேலை என்பதை அந்த ஒரு பத்தி சொல்லிவிட்டது. செக்கில் இரண்டாவது கையெழுத்துக் கேட்டால் "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்று முகம் சுளிக்கும் எவருக்கும் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

வரலாற்றுப் பாடம் சுருக்கம், ஆனால் தேவையானது. 1859-ல் லண்டன் நகரின் மூன்று சினகாக்குகள் (யூத வழிபாட்டு இடங்கள்) சேர்ந்து ஏழை யூதர்களுக்கு உதவ ஆரம்பித்த ஜூயிஷ் போர்டு ஆஃப் கார்டியன்ஸ்தான் பிற்பாடு ஜூயிஷ் வெல்ஃபேர் போர்டு ஆகி, 1990-ல் வேறோர் அமைப்போடு இணைந்து இன்றைய ஜூயிஷ் கேர் என்ற யூத நல அறக்கட்டளை ஆனது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ சிலர் சம்பளமில்லாமல் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததால் வந்த தொடர்ச்சி அது.

நல முரண், அதாவது டிரஸ்டியின் சொந்த ஆதாயமும் அறக்கட்டளையின் நலனும் மோதுவது, பற்றிய வகுப்புத்தான் எனக்கு மிகவும் உபயோகப்பட்டது. 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்தே யூதர்கள் சுமார் 2,71,000 பேர்தான். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பார்னெட் என்ற ஒரே பேட்டையில் இருக்கிறார்கள். கோஷர் (யூத உணவு விதிப்படியான) சமையல் ஒப்பந்தக்காரர்கள் சிலரே. எந்த போர்டை எடுத்தாலும் யாராவது யாருக்காவது உறவு. ஆகவே 'உறவினரிடம் வாங்காதீர்கள்' என்று சொல்லி நழுவ முடியாது. எப்படி வாங்குவது என்று சொல்லித்தர வேண்டும், சொல்லித் தந்தார்கள். 2011 சாரிட்டி சட்டத்தின் 185-வது பிரிவு: எழுத்தில் ஒப்பந்தம், நியாயமான விலை, அறக்கட்டளையின் நலனுக்கு இதுதான் நல்லது என்று மற்ற டிரஸ்டிகள் முடிவெடுப்பது, பலனடைகிறவர்கள் போர்டில் சிறுபான்மையாக இருப்பது. முன்பு சேவைகளுக்கு மட்டும் இருந்த இந்த வழி, 2022 சட்டத்துக்குப் பிறகு பொருள் வாங்குவதற்கும் பொருந்தும். யார் உறவினர் என்பதற்கும் சட்டத்தில் பட்டியல் உண்டு. தங்கையின் கணவர் அதில் வருவார், மனைவியின் தம்பி அந்த உறவால் மட்டும் வரமாட்டார். உறவுமுறையைப் பிரித்துப் பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று புரியும். பட்டியலில் இல்லாவிட்டாலும் விசுவாச முரண் (அறக்கட்டளைமீதும் வேறொருவர்மீதும் ஒரே நேரத்தில் பற்று) என்று அறிவித்துவிட வேண்டும் என்பதையும் பயிற்சியாளர் விடாமல் சொன்னார்.

எங்களுக்கு மதியச் சாப்பாடு தருகிறவர், போர்டு உறுப்பினர் ஒருவரின் தங்கை கணவர். நல்ல சாப்பாடு, விலையும் நியாயம்தான். இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்று எழுதி, அந்த உறுப்பினர் வெளியே போனபின் முடிவெடுத்து, அதைக் குறிப்பேட்டில் பதிந்தால் வேலை முடிந்தது. ஒரு மாலை நேரத்து வேலை.

அது இன்னும் நடக்கவில்லை. என் எரிச்சல் எல்லாம் இங்கேதான்.

எங்கள் கூட்டக் குறிப்புகளில் இரண்டாவது அம்சம் எப்போதும் 'நல முரண் அறிவிப்பு'. அதன் எதிரே எப்போதும் 'எதுவும் இல்லை'. பழைய கோப்புகளைத் திருப்பினால் நான் வருவதற்கு முன்பிருந்தே அதே இரண்டு சொற்கள். சாப்பாட்டு ஒப்பந்தத்தைப் பற்றி நான் பேச்செடுத்தபோது தலைவர் அன்பாகத்தான் சொன்னார்: அறநிதிக்காரர்களிடம் கணக்குக் கேட்பதில்லை என்று தல்மூத்திலேயே இருக்கிறதே. இருக்கிறது, உண்மைதான். அதே பாவா பத்ராவில், அடுத்த ஏட்டில். ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மோசே இஸ்ஸர்லெஸ், அப்படியிருந்தும் கடவுள் முன்னும் இஸ்ரவேல் மக்கள் முன்னும் களங்கமில்லாமல் நிற்க, அவர்கள் கணக்குக் கொடுப்பது நல்லது என்று எழுதிவைத்தார். அந்த வரியும் தாளில் இருந்தது, தாள் என் பையில் இருந்தது. எடுத்துப் படித்தேன். மேசையைச் சுற்றி ஒரு சங்கடமான அமைதி. வெளியாள் ஒருத்தி அவர்கள் நூலை அவர்களுக்கே வாசித்துக் காட்டினால் வேறென்ன நடக்கும்? "யோசிப்போம்" என்று அடுத்த அம்சத்துக்குப் போய்விட்டார்கள்.

தலைவர் நல்ல மனிதர். ஓட்டுநர் வராத நாளில் தானே மினிபஸ்ஸை எடுத்துக்கொண்டு போய் முதியவர்களை வீட்டில் இறக்கிவிடுவார், ஒவ்வொருவர் பெயரும் அவருக்குத் தெரியும். அந்த வரியை அவருக்கு நிகரான ஒருவர், ஒரு வகுப்பில், தேநீர்க் கோப்பையோடு சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே ஏற்றிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அவர் அந்த வகுப்புக்குப் போனதே இல்லை. போகச் சொல்லி அவரை யாரும் அழைத்ததும் இல்லை. பயிற்சி நடத்தும் அமைப்பின் அழைப்பு 'புதிய டிரஸ்டிகளுக்கு' மட்டுமே போகிறது.

டிரஸ்டி ஒருவர் ஒன்பது வருஷத்துக்கு மேல் தொடர்வதென்றால் தீவிரமாக யோசித்துக் காரணம் சொல்ல வேண்டும் என்று சாரிட்டி கவர்னன்ஸ் கோடு என்ற நிர்வாக நெறிமுறை சொன்னது. அதை அந்த வகுப்பில்தான் படித்தேன். அதைக் கேட்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. புதியவர்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்து, அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகாத போர்டுகளுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். என்னோடு சேர்ந்து பயிற்சி முடித்த இளம் வழக்கறிஞர் ஒருவர் எங்கள் போர்டிலேயே இருந்தார். முப்பதைத் தாண்டாத வயது, நல்ல கூர்மை. கேட்டதெல்லாம் 'யோசிப்போம்' பட்டியலுக்கே போனதால் ராஜினாமா செய்துவிட்டார். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. டிரஸ்டிகளில் ஆண்கள் பெண்களைப் போல இரண்டு மடங்கு, வயதானவர்களே அதிகம் என்று 2017-ல் கமிஷன் வெளியிட்ட ஆய்வு சொன்னது. இளையவர்கள் வரவில்லை என்று ஊரே கவலைப்படுகிறது. வந்தவரைத் தக்கவைக்க முடியவில்லை.

வழிகாட்டி விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்கைப் பல காலம் பார்த்த அம்மா. கையிருப்புக் கொள்கை (அவசரத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கிவைப்பது) என்று நான் எழுதிய நீண்ட வரைவைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மார்ச் மாசம் பஸ் இன்ஜின் போச்சுன்னா, எத்தனை வாரம் சாப்பாடு போடுவீங்க?" அதற்கு விடை கணக்குப் போட்டதும் கொள்கை ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. இன்னொன்றும் அவர் சொன்னதுதான். எங்கள் நிதியாண்டு டிசம்பர் 31-ல் முடிகிறது, ஆண்டு அறிக்கைக்குக் கெடு 10 மாதம், அதாவது அக்டோபர் 31. அதற்கு முந்தைய வாரங்களில்தான் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்ற யூதப் பண்டிகைகள் எல்லாம் வரிசையாக வரும், யாரிடமும் கையெழுத்து வாங்க முடியாது. ஜூலையிலேயே கணக்கை முடித்துவிடு என்றார். டிசம்பரில் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முன்னமே யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத் தொடங்கிவிடும், அவசர மின்னஞ்சல் எதையும் வியாழனுக்குள் அனுப்பிவிடு என்றார். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் வராது.

தொலைபேசி உதவியும் வேகம்தான், கேட்டதற்கு மறுநாளே சட்டப்பிரிவோடு பதில் வரும். ஆனால் அந்தப் பதிலைத் தலைவர் பெயருக்கு எழுதித் தாருங்கள் என்றால் மறுக்கிறார்கள். கேட்டவருக்கு மட்டும்தான் ஆலோசனையாம். கேட்கிறவருக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? மருந்துச் சீட்டை நோயாளியிடம் கொடுக்காமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்த கதைதான்.

இந்த வருஷம் சின்ன அறக்கட்டளைகளுக்குக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்கள். வரவேற்கிறேன். சின்ன அமைப்புகளுக்கு இலவசமாகக் கைகொடுத்த ஸ்மால் சாரிட்டீஸ் கொயலிஷன் 2022-ல் மூடப்பட்ட பிறகு இப்படிப்பட்ட உதவிக்குப் போக்கிடம் குறைந்துவிட்டது. கமிஷனின் 'ஐந்து நிமிட' வழிகாட்டிகள் இலவசம், சட்டத்தை நன்றாகவே சொல்கின்றன. ஆனால் கோஷர் சமையல்காரர் தங்கை கணவராக இருந்தால் என்ன செய்வது என்று அவற்றுக்குத் தெரியாது. ஆகவே இந்தப் பயிற்சி வேண்டும், நன்றாக நடக்க வேண்டும் என்று நிஜமாகவே விரும்புகிறேன். முழு போர்டையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு மாலை நடத்துங்கள், அழைப்பைத் தலைவர் பெயருக்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

தோழிக்கு என் பதில்: தனியாகப் போவதானால் இந்த வருஷம் போகவேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று தோன்றலாம். வழக்கறிஞர் போன கோபம் இன்னும் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். சேர ஒப்புக்கொள்ளும் முன்னால் போர்டிடம் மூன்று கேளுங்கள்: கடந்த வருஷக் கூட்டக் குறிப்புகள், நல முரண் பதிவேடு, தலைவர் கடைசியாக எப்போது பயிற்சிக்குப் போனார் என்ற விவரம். பதிவேட்டில் ஏதாவது பெயர் எழுதியிருந்தால் நல்ல அறிகுறி, காலியாக இருந்தால் குறிப்புகளை இன்னும் கவனமாகப் படியுங்கள். தலைவரும் உங்களோடு வர ஒப்புக்கொண்டால் உடனே இரண்டு இடம் பதிந்துவிடுங்கள். நிதி வகுப்பை மட்டும் தவறவிடாதீர்கள்.