பாராஸின் முதுகுக் காளான்: போக்கிமான் கோ, பல ஆண்டுகளுக்குப் பின்

வெளியே நடந்து திரிந்து கைப்பேசித் திரையில் கற்பனை உயிர்களைப் பிடிக்கும் விளையாட்டான போக்கிமான் கோ இந்தியாவுக்கு முறையாக வந்தது 2016 டிசம்பரில். அன்றிலிருந்து தர்மபுரியில் விட்டு விட்டு, ஆனால் விடாமல் விளையாடி வருகிறேன். பிடிப்பது, மோதுவது, அபூர்வ நிறங்களைத் தேடுவது பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்கு ஆர்வம் வேறு இடத்தில்: யார் யாரைத் தின்கிறார்கள், யார் யார் மேல் ஒட்டிப் பிழைக்கிறார்கள். ஒவ்வொரு உயிருக்கும் தரப்படும் இரண்டு வரிக் குறிப்பைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அதற்காகவே பிடிக்கிறேன். இந்த மதிப்பீடும் அந்தக் கோணத்தில் மட்டுமே.

கொன்றுண்ணிகள் விஷயத்தில் விளையாட்டு தேறவில்லை. பிட்ஜியாட் என்ற பறவை நீர்ப்பரப்பை ஒட்டிப் பறந்து மேஜிகார்ப் மீன்களைக் கவ்விச் செல்லும் என்பது இந்தத் தொடரின் பழைய குறிப்பு. அப்படியானால் மீன் மலிந்தும் பறவை அரிதாகவும் இருக்க வேண்டும். உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போய்ச் சேரும். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் மான்களின் எண்ணிக்கைக்குச் சிறுத்தைகள் இருக்க முடியாததும் அதனால்தான். விளையாட்டிலோ பிட்ஜியாட்டின் முதல் நிலையான பிட்ஜியை அடுத்த நிலைக்குக் கொண்டுபோக, உயிர்களைப் பிடித்துச் சேர்க்கும் ‘மிட்டாய்’ 12 இருந்தால் போதும். மேஜிகார்ப்புக்கு 400 வேண்டும். எத்தனை பிட்ஜியாட் பெருகினாலும் மீன் ஒன்றுகூடக் குறைவதில்லை.

ஹீட்மோர், டியூரன்ட் கதை இன்னும் வேடிக்கை. ஒன்று எறும்புண்ணி, மற்றது எஃகு உடம்பு கொண்ட எறும்பு. எறும்புண்ணி தன் தீ நாக்கால் எறும்பின் எஃகு ஓட்டைச் சுட்டுத் துளைத்து உள்ளிருப்பதைத் தின்னும் என்று குறிப்பு அழகாகச் சொல்கிறது. ஆனால் கோ விளையாட்டில் ஒன்றைக் கிழக்கு அரைக்கோளத்துக்கும் மற்றதை மேற்குக்கும் பிரித்து வைத்தார்கள். பரம்பரைப் பகையாளிகளான ஜாங்கூஸ், செவைப்பருக்கும் இதே கதி. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைக் கல்யாண வீட்டில் தனித்தனிப் பந்தியில் உட்கார வைப்பதுபோல. விளையாடுபவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற வியாபார யோசனை புரிகிறது. ஆனால் பசித்த எறும்புண்ணி கடல் கடந்தா போகும்?

ஒட்டுண்ணிகளிடம் வந்தால்தான் கற்பனைக்கு உயிர் வருகிறது. பாராஸ் என்ற பூச்சியின் முதுகில் இரண்டு காளான்கள். அது பாராசெக்ட் ஆகும்போது ஒரே பெரிய காளான் முதுகை மூடிவிடும், கண்கள் வெளுத்துவிடும், சிந்திப்பதெல்லாம் காளான்தான் என்கிறது குறிப்பு. இமயமலைச் சரிவுகளில் அந்துப்பூச்சிப் புழுவின் தலையிலிருந்து முளைக்கும் பூஞ்சையும், எறும்பை இலை நரம்பில் பல் பதித்துச் சாகவைக்கும் பூஞ்சையும் இதற்கு நிஜ உறவுகள். 2017இல் வெளியான ஆய்வொன்று, அந்த எறும்புப் பூஞ்சை மூளைக்குள் நுழைவதில்லை, தசை நார்களைச் சூழ்ந்து வலைபோல் பின்னிக்கொள்கிறது என்று காட்டியது. காளான் சிந்திப்பதாகச் சொல்வதைவிட இது பயங்கரமாக இல்லையா?

இன்னொன்றும் இடிக்கிறது. பாராஸ் பிறக்கும்போதே அதன் மேல் வித்துகள் தூவப்பட்டிருக்கும் என்றும் குறிப்பு உண்டு. தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் ஒட்டுண்ணி, தாயை முழுதாக உறிஞ்சிவிட்டால் தன் வழியையே அடைத்துக்கொள்கிறது. அப்படிப் பரவுபவை பொதுவாக மென்மையாகத்தான் நடந்துகொள்ளும்.

முரட்டுத்தனம் வெளியிலிருந்து வருபவற்றின் குணம். எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். புழு வளர்ப்பு மனையில் ஜன்னலுக்கு நைலான் வலை அடிப்பது ஊசி ஈக்குப் பயந்துதான். 1980இல் கர்நாடகத்துக்குள் வந்து, பிறகு இந்தப் பக்கமும் பரவிய பூச்சி. ஐந்தாம் பருவப் புழுவின் பால்வெள்ளை உடம்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கரும்புள்ளி தெரிந்தால், ஈயின் முட்டை பொரிந்து குட்டிப்புழு தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். பெரியம்மா தழையை விலக்கிப் பார்த்து, "இதைத் தனியாகப் போடு தம்பி" என்பார். சில புழுக்கள் கூடு கட்டும்வரை தாங்கும். பிறகு உள்ளிருப்பது கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். ஓட்டை விழுந்த கூட்டிலிருந்து இழை அறுபடாமல் நூற்க முடியாது.

அந்த ஈக்கும் ஒரு எமன் உண்டு: ஈயின் கூட்டுப்புழுவில் முட்டையிடும் பொடிக்குளவி. அதை வளர்த்து மனைக்குள் விடுகிறார்கள். ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி. இந்த மூன்றாவது படி விளையாட்டில் நான் பார்த்தவரை எங்குமே இல்லை. பாராஸின் காளானைத் தின்று வாழும் ஒரு சின்ன ஈயை யாராவது கற்பனை செய்திருக்கலாம்.

ஸ்லோப்ரோவின் வாலைக் கவ்வியிருக்கும் ஷெல்டர் சிப்பி எச்சில் துணுக்குகளைத் தின்று வாழ்கிறதாம், நல்ல யோசனை. ஆனால் கோ விளையாட்டில் 50 மிட்டாய் கொடுத்தால் ஸ்லோபோக் ஸ்லோப்ரோவாக மாறிவிடுகிறது, சிப்பி எங்கிருந்து முளைத்தது என்ற கேள்வியே இல்லை.

என் விருப்பம் ஜோல்டிக். பத்து சென்டிமீட்டர் உயரம்; பெரிய உயிர்களின் மேல் ஒட்டி மின்சாரம் உறிஞ்சும். வளர்ந்து கால்வான்டுலா ஆனதும் ஒட்டுண்ணி வாழ்வை விட்டு வலை பின்னி வேட்டையாடும். இது மிகை என்று நினைப்பவர்கள், முதல் மழைக்குப் பின் எங்கள் செம்மண் காட்டில் ஊரும் சிவப்புத் தம்பலப்பூச்சியைப் பார்க்கலாம். இளம்பருவத்தில் மற்றப் பூச்சிகளின் மேல் ஒட்டி உறிஞ்சும், வளர்ந்தபின் பூச்சி முட்டைகளையும் சிற்றுயிர்களையும் தின்னும்.

ஒட்டுண்ணிகளுக்கு ஐந்தில் நான்கு, கொன்றுண்ணிகளுக்கு ஒன்று. குறிப்புகளைப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்த மதிப்பெண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்; அவர்களுக்கு இது நடைப்பயிற்சிக்கு ஒரு சாக்கு, அதற்கு நன்றாகவே உதவுகிறது. கிராமத்தில் இருப்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: பொருள் தரும் நிறுத்தங்கள் பெரும்பாலும் ஊருக்குள் கோயில், சிலைகளை ஒட்டியே இருக்கின்றன. மல்பெரித் தோட்டத்தில் நின்றுகொண்டு எதிர்பார்த்தால் உயிர்களைப் பிடிக்க எறியும் பந்து தீர்ந்துபோகும்.