பினாங்கு அணியின் சீசன் பாஸ்: பல வருடம் வைத்திருந்து விட்டவனின் அனுபவம்

பினாங்கு காற்பந்து அணியின் சீசன் பாஸை, அதாவது ஒரு சீசனின் சொந்தத் திடல் லீக் ஆட்டங்களுக்கான நுழைவுச் சீட்டை, இனி எடுப்பதில்லை என்று சொன்னதும், தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "தோத்துக்கிட்டே இருக்காங்க, அதானே?" தோல்விதான் காரணம் என்றால் 2017-லேயே விட்டிருப்பேன்.

நான் முதலில் பாஸ் எடுத்தது 2016-இல், அணி மலேசியாவின் முதல் பிரிவான சூப்பர் லீக்குக்கு ஏறிய வருடம். அந்த பிப்ரவரி 16-ஆம் தேதி சிட்டி ஸ்டேடியத்தில் பகாங் அணிக்கு எதிராக முகமது ஃபைஸ் சுப்ரி தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீகிக் அடித்தார். பந்து ஒரு பக்கமாகக் கிளம்பி, காற்றிலேயே திசை மாறி வலைக்குள் போனது. அன்று 4-1 என்று ஜெயித்தோம். அந்த கோலுக்குத்தான் வருடத்தின் சிறந்த கோலுக்கு ஃபிஃபா கொடுக்கும் புஸ்காஸ் விருது. 2017 ஜனவரியில் சூரிக்கில் கொடுத்தார்கள். ஆசியாவைச் சேர்ந்த ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை. அதே 2017-இல் எங்கள் அணி சூப்பர் லீக்கின் கடைசி இடத்தில் முடித்துக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. உலகத்தின் சிறந்த கோலும் கடைசி இடமும் பன்னிரண்டு மாதத்துக்குள். இந்த அணியைப் பின்தொடர்வது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு வருடத்தைத்தான் சொல்வேன்.

அப்புறம் இரண்டாம் பிரிவான மலேசிய பிரிமியர் லீக்கில் சில வருடம். 2020-இல் அந்தப் பிரிவில் சாம்பியன். 2021-இல் சூப்பர் லீக்கில் மூன்றாவது இடம்! ஆனால் அந்த இரண்டு வருடமும் கொரோனாக் கட்டுப்பாடுகள். ஸ்டேடியம் நிரம்பி, நீலமும் மஞ்சளுமாகப் பக்கத்தில் நின்று கத்தி அனுபவிக்க வேண்டிய சீசனைப் பெரும்பாலும் வீட்டில் டிவியில்தான் பார்த்தோம். இது எனக்கு இன்றும் ஆறவில்லை. கதவு முழுசாகத் திறந்த 2022-இல் 12 அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தோம்.

இதையெல்லாம் தாங்க முடிந்தது, ஏனென்றால் எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த அணி இது. 1974 மலேசியக் கிண்ணம், ஈசா பாக்கார், அலி பாக்கார் சகோதரர்கள், ஷாஹாருடின், நாமாட் அப்துல்லா என்று அப்பா பேர் சொல்லிக்கொண்டே போவார். லீக் பட்டம் 1982, 1998, 2001. எஃப்.ஏ. கிண்ணம் 2002. அதற்குப் பிறகு பெரிய கோப்பை எதுவும் இல்லை. சூப்பர் லீக்கில் 2014-இலிருந்து ஜொகூர் டாருல் தாக்சிம்தான் வருடா வருடம் சாம்பியன். அந்த அணியின் செலவுக்கு யாரும் கிட்டே வர முடியாது. ஆகவே பட்டத்தை எதிர்பார்த்து பினாங்கில் யாரும் பாஸ் எடுக்க வேண்டாம்.

பிறகு எதற்காக எடுத்தேன்? ஆட்களுக்காக.

எங்கள் ஓரத்தில் எண் போட்டு இருக்கை கிடையாது. ஆனாலும் வருடா வருடம் வந்து வந்து அவரவர் இடம் பழகிவிட்டது. எனக்கு வலப்பக்கம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமா. அவர் ஆட்டம் முழுவதும் வாய் திறக்க மாட்டார். பாதி நேரத்தில் மட்டும் ஒரு வாக்கியம் சொல்வார், அது பெரும்பாலும் சரியாக இருக்கும். "லெஃப்ட் பேக் மேலே ஏறிப் போறான், திரும்பி வரலை தம்பி." இரண்டாம் பாதியில் அந்தப் பக்கமிருந்தே கோல் விழும். முன் வரிசையில் ஆயர் ஈத்தாமிலிருந்து வரும் சீன அண்ணன் தம்பி. பின்னால் ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) கச்சான் (கடலை) பொட்டலத்தை எல்லாருக்கும் நீட்டுவார். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி மோட்டாரில் வரும் நம் பையன்கள் மூன்று நான்கு பேர். ஆட்டம் முடிந்ததும் நாசி கண்டார் கடையில் குழம்பை அள்ளி ஊற்றச் சொல்லிக்கொண்டு, தோல்வியை நடுராத்திரி வரை பிரித்து மேய்வோம். அந்தப் பேச்சில் இனம், வேலை, வயது எதுவும் குறுக்கே வந்ததில்லை. இந்த நாட்டில் அப்படி உட்காரக் கிடைக்கும் இடம் அதிகமில்லை என்பதை நான் மனதாரச் சொல்கிறேன்.

தோற்கும் அணி இந்த இடத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்தது. ஒரே நாளில் யாரும் போகவில்லை. ஆட்டம் இரவு எட்டே காலுக்கு, சில நாள் ஒன்பதுக்கு. மறுநாள் காலை பிறையில் ஷிப்ட் இருக்கிற பையன், ஜெயிப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் மழையிலும் பாலம் தாண்டி வருவான். நம்பிக்கை இல்லாதபோது மழையே போதுமான காரணம். ஒருவன் வரவில்லை என்றால் அவனோடு வருபவனும் வருவதில்லை. அதில் ஒரு பையன் வேலைக்கு சிங்கப்பூர் போனான். சீனச் சகோதரர்கள் குழந்தைகளின் டியூஷனுக்காக நின்றார்கள். மாமாவுக்கு முழங்கால், படி ஏற முடியவில்லை. 2023 சீசனின் கடைசிப் பகுதியில் பல இரவுகள் அந்த வரிசையில் நான் மட்டும்தான் இருந்தேன். ஒரு கோல் விழுந்தபோது திரும்பிப் பார்க்க ஆளில்லை. அந்த சீசன் முடிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 12 அணி லீக்கில் சொந்தத் திடலில் 11 ஆட்டம்; 2023-இல் அணிகள் 14 ஆனதால் 13. என் அனுபவத்தில் முக்கால்வாசி ஆட்டத்துக்குப் போகிறவருக்குத்தான் பாஸ் லாபம். பாஸ் விலையைவிட பெட்ரோல், பார்க்கிங், ராத்திரிச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து அதிகம் வரும். 2024-இல் லீக் காலண்டரும் மாறி, மே மாதம் தொடங்கி மறு வருடம் ஏப்ரல் வரை போனது. தைப்பூசமும் சீசனுக்குள் வந்துவிட்டது. அன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கிற குடும்பங்கள் அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். கிண்ண ஆட்டங்கள் பாஸில் அடங்குமா, நாம் போக முடியாத நாளில் வேறு ஒருவர் அதே பாஸில் போகலாமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்போது தனி டிக்கெட்டில்தான் போகிறேன். பக்கத்து மாநிலமான கெடாவின் அணி சூப்பர் லீக்கில் இருந்தவரை அந்த ஆட்டத்தைத் தவறவிட்டதில்லை. அந்த மோதலுக்கு அப்போதும் கூட்டம் வந்தது. அக்கா மகனை அழைத்துப் போகிறேன், அவனுக்கு ஃபைஸ் சுப்ரி கோலை போனில் பார்த்தே மனப்பாடம். இதில் எனக்கு நஷ்டமும் உண்டு. பாஸ் இருந்தபோது யாரும் கவனிக்காத வாரநாள் ஆட்டத்துக்கும் போவேன். புதுப் பையன் ஒருவன் முதல் தடவை இறங்கிப் பந்தைத் தொடுவதை அங்கேதான் பார்க்க முடியும். தனி டிக்கெட் எடுப்பவன் பெரிய ஆட்டத்தை மட்டுமே பொறுக்கிப் போகிறான். அணியை முன்பு அறிந்த அளவுக்கு இன்று எனக்குத் தெரியாது, அது வருத்தம்தான்.

திரும்ப எடுப்பாயா என்று கேட்டால்: பழைய வரிசையில் நான்கைந்து பேர் சேர்ந்து எடுத்தால், அணி கடைசி இடத்தில் இருந்தாலும் எடுப்பேன். தனியாக என்றால், மூன்றாவது இடத்தில் இருந்தாலும் மாட்டேன். அக்கா மகன் பள்ளித் தோழர்களிடம் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவர்கள் சரி என்றால் மாமாவுக்குக் கீழ் வரிசையிலேயே, படி ஏறாத இடமாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.