‘சீல் உடைக்காத பழைய கிட்’ என்று விற்றால், வந்த அன்றே சீலை உடையுங்கள்

போனது 95 பவுண்டு, தபால் செலவு 6 பவுண்டு தனி. வீட்டை அடகு வைக்கும் தொகை இல்லைதான். ஆனால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையை நம்பி ஏமாந்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. பல்சா என்ற லேசான மரத்தில் நாமே வெட்டி ஒட்டிக் கட்டும் பழைய மாதிரி விமானக் கிட்டுகள் மேல் ஆசை உள்ள நம் ஆட்கள் இங்கிலாந்தில் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள், ஊரிலிருந்து இங்கே ஆள் பிடித்து வாங்கி வரச் சொல்பவர்களும் உண்டு, அதனால் எழுதுகிறேன்.

திருச்சியில் கல்லூரி படித்தபோது நான் என்சிசி ஏர் விங். அங்கே ஏரோமாடலிங் உண்டு. பல்சாவில் கையால் எறிகிற சின்ன கிளைடர் ஒன்றைச் செய்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே ஒரு பக்க இறக்கையை ஒல்லியாக்கி வாத்தியாரிடம் திட்டு வாங்கியவன். அலமாரியில் பழைய ஏரோமாடலர் இதழ்கள் சில கிடக்கும், அதில் கீல்கிராஃப்ட் விளம்பரங்கள் வரும். எட்டி கீல் என்பவர் தொடங்கிய ஆங்கிலேயக் கம்பெனி, போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் பையன்கள் பாதிப்பேர் அவர்கள் கிட்டை ஒட்டித்தான் விரலில் பிளேடு கீறிக்கொண்டிருப்பார்கள். அந்த விளம்பரத்தில் பார்த்த செனட்டர் என்ற விமானம் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆல்பர்ட் ஹாட்ஃபுல் வடிவமைத்தது, 32 அங்குல இறக்கை, ரப்பரை முறுக்கிப் பறக்கவிடுவது. ரிமோட் கிடையாது, எஞ்சின் கிடையாது, கையை விட்டால் அது பாட்டுக்குப் போகும்.

முப்பத்தைந்து வருஷம் கழித்து, பெட்ஃபோர்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு ராத்திரி போனைத் தடவும்போது அதே செனட்டர். ‘1950களின் அசல் கிட், அப்பாவின் பரணில் கிடைத்தது, பெட்டி திறக்கப்படவே இல்லை, ஒன்றே ஒன்றுதான்.’ படத்தில் மூலை லேசாகக் கிழிந்த பெட்டி, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை.

உடனே வாங்கிவிடவில்லை. பெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஓல்டு வார்டன் இருக்கிறது, 1909ஆம் வருஷத்து பிளேரியோ விமானத்தை இன்னும் ஓடும் நிலையில் வைத்திருக்கும் ஷட்டில்வொர்த் சேகரிப்பு அங்கேதான். அங்கே மாடல் விமானங்களுக்கு என்றே சில நாட்களை ஒதுக்குவார்கள், அப்படி ஒரு நாளில் பழக்கமான வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் இரண்டே விஷயம் சொன்னார்: மரத்தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல், பிளான், அதாவது கட்டுவதற்கான முழு அளவு வரைபடம், அதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுக்கச் சொல். கேட்டேன். விற்ற ஆள் ரொம்பப் பணிவாகப் பதில் போட்டார். உறையைப் பிரித்தால் மதிப்பு பாதியாகிவிடுமாம், என் நன்மைக்குத்தான் சொல்கிறாராம், கைக்கு வந்த பிறகும் அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாமாம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கண்ணில் ஆசை இருந்தால் எல்லாமே நியாயமாகப் படும்.

அக்டோபர் கடைசியில் பெட்டி வந்தது. அலமாரி மேல் வைத்துவிட்டு, கிறிஸ்துமஸ் லீவில் பிரிக்கலாம் என்று தினம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாங்கிய தளத்தில் பொருள் கைக்கு வந்து 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ‘அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள்’ என்று ஏன் சொன்னார் என்று இப்போது புரிகிறதா? எனக்குப் புரிந்தது டிசம்பர் 27 அன்று.

அன்று ஹாரோவிலிருந்து ஒரு அண்ணன் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருஷமாக ரப்பர் மாடல்தான் அவருக்கு உலகம். உறையைக் கத்தியால் கீறி மூடியைத் தூக்கினேன். உள்ளே எல்லாம் அழகாக அடுக்கியிருந்தது. ஒரு தகட்டைக் கையில் எடுத்தவர் ஜன்னல் பக்கம் போனார்.

“தம்பி, இதை ஒருக்கா வடிவாப் பாருங்கோ. விளிம்பெல்லாம் கருகிக் கிடக்கு.”

“பழசு இல்லையா அண்ணா, அதனாலதான்.”

“பழசெண்டா மஞ்சளாகும். இது எரிஞ்ச கறுப்பு. லேசராலை வெட்டினது.”

அந்தக் காலத்துக் கிட்டுகளில் பல்சாத் தகட்டின் மேல் பாகங்களின் உருவத்தை மையால் அச்சடித்திருப்பார்கள், பிளேடு எடுத்து நாமேதான் வெட்ட வேண்டும். பிறகு அச்சால் அழுத்தி வெட்டும் டை-கட் வந்தது, அதில் விளிம்பு நசுங்கியிருக்கும், சில இடங்களில் வெட்டே விழுந்திருக்காது. கருகல் இரண்டிலும் வராது. 1950களில் லேசரே கிடையாது, முதல் லேசர் ஒளிர்ந்ததே 1960இல்தான். விரலால் தடவினால் கரி ஒட்டியது. சின்ன வயதில் படித்த அறிவியல் எல்லாம் அப்போதுதான் ஞாபகம் வருகிறது எனக்கு.

அப்புறம் பிளானைப் பிரித்தோம். அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். பழைய பிளான் மடித்து மடித்து வைத்திருந்ததால் அதில் மடிப்புக் கோடுகள் இருக்கும் அல்லவா, அந்தக் கோடுகளின் நிழலும் சேர்ந்து நகலில் விழுந்திருக்கிறது. ஆனால் என் கையில் இருந்த தாளின் உண்மையான மடிப்புகள் வேறு இடத்தில். அதாவது மடிப்புகளே ஜெராக்ஸ்! அதையும் சரியான அளவில் எடுத்திருந்தால் பரவாயில்லை. வெட்டிய ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டு) ஒன்றை எடுத்துப் பிளானில் வரைந்திருந்த ரிப் மேல் வைத்தால், பின்முனை மூன்று மில்லிமீட்டர் வெளியே துருத்தியது. நகல் எடுத்த மெஷின் தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தை நூற்றுக்கு மூன்று சுருக்கிவிட்டது, பாகங்களை மட்டும் முழு அளவில் வெட்டியிருக்கிறார்கள். இதன் மேல் குண்டூசி குத்தி இறக்கையைக் கட்டியிருந்தால், எந்தக் குச்சியும் எந்த வெட்டிலும் உட்காராமல், நம் கைதான் சரியில்லை என்று நானே என்னை நொந்துகொண்டிருப்பேன். புதிதாகக் கட்டுபவர்கள் எத்தனை பேர் இப்படி வெறுத்துப்போய் விட்டார்களோ.

மூன்றாவது, எடை. இதைத்தான் ரொம்பப் பேர் பார்ப்பதில்லை. பல்சா என்றாலே லேசு என்று நினைப்போம், ஆனால் ஒரே அளவுத் தகட்டில் ஒன்று இன்னொன்றைப் போல இரண்டு மூன்று மடங்கு கனக்கலாம். 36 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1/16 அங்குலத் தடிமன் உள்ள நல்ல தகடு 10 முதல் 14 கிராம் இருக்கும். கிட்டில் வந்தது அதில் பாதி நீளம், கிச்சன் தராசில் வைத்தால் 13 கிராம் காட்டியது. முழு நீளத்துக்கு 26. ரப்பரில் முறுக்கி ஏற்றக்கூடிய சக்திக்கு ஒரு அளவு உண்டு, கனமான விமானம் அதை மேலே ஏறும்போதே தின்று தீர்த்துவிட்டு, வேகமாக இறங்கி, விழும்போது பலமாகவும் உடையும். பெரியவரிடம் போனில் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. 2020 வாக்கில் காற்றாலை இறகுகளுக்காக எக்வடோரிலிருந்து வரும் பல்சாவை அள்ளிக்கொண்டு போனார்கள், விலை எகிறியது, நல்ல லேசான தகடு கிடைப்பதே பாடாகிவிட்டது. யாரும் சீந்தாத கனத்த தகட்டை இப்படிப் பெட்டிக்குள் போட்டுத் தள்ளினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்.

கடைசியில் பெட்டி. மூடியில் இருந்த வண்ணப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். பழைய அச்சு என்றால் புள்ளிகள் வரிசை பிசகாமல் ஒரு ஒழுங்கில் இருக்கும். இதில் தெளித்த மாதிரி சிதறியிருந்தது, வீட்டு இங்க்ஜெட் பிரின்டர். அந்த மகா உறை இருக்கிறதே, ஒரு பிளாஸ்டிக் சுருளும் ஹீட் கன்னும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் எதையும் ‘திறக்கப்படாததாக’ ஆக்கிவிடலாம். இறக்கைக்கு ஃபிலிம் ஒட்ட நான் வைத்திருக்கும் அதே ஹீட் கன். என் மேஜையிலேயே கிடந்தது, பாருங்கள்.

புகார்ப் படலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே அலுப்பு. தளத்தில் கெடு முடிந்துவிட்டது. விற்ற ஆள் முதலில் “அப்பா எப்போது வாங்கினார் என்று எனக்கெப்படித் தெரியும்” என்றார், பிறகு “சீலை உடைத்தது நீங்கள்தானே” என்றார், பிறகு பதிலே இல்லை. கார்டில் கட்டிய பணத்தை வங்கியே திரும்பப் பிடித்துத் தரும் சார்ஜ்பேக் கேட்டேன், பொருள் வந்து சேர்ந்ததற்கு அவர் ரசீது காட்டிவிட்டார் என்று மறுத்துவிட்டார்கள். கிரெடிட் கார்டில் வாங்கி, பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டியிருந்தால் 1974ஆம் வருஷத்து நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு கம்பெனியும் பொறுப்பேற்க வேண்டும். நான் கொடுத்தது 95, அதுவும் டெபிட் கார்டில். தனி ஆள் விற்றாலும் சொன்ன வர்ணனைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது, சிறு வழக்கு போடலாம் என்றார்கள். போடுவதற்கு ஆளின் உண்மைப் பெயரும் விலாசமும் வேண்டுமே. பார்சலில் இருந்தது பார்சல் எடுக்கும் ஒரு கடையின் விலாசம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், லேசரில் வெட்டிய மறுபதிப்புக் கிட் என்பது கேவலமான பொருள் இல்லை. மறுபதிப்பு என்று சொல்லியே நேர்மையாக விற்பவர்கள் இருக்கிறார்கள், மரமும் நன்றாக இருக்கும், விலையும் நான் கொடுத்ததில் பாதிகூட வராது. கட்டிப் பறக்கவிடத்தான் ஆசை என்றால் அதுவே மேல். ஏனென்றால் அசல் பழைய கிட் கிடைத்தாலும் பெரிதாகப் பயனில்லை என்பதைப் பெரியவர் வீட்டில் கண்ணால் பார்த்தேன். அவரிடம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. ரப்பர் உருகி மிட்டாய் மாதிரி கட்டியாகிக் கிடக்கிறது, இறக்கையைப் போர்த்தும் டிஷ்யூ தாள் தொட்டால் பொடிகிறது, குச்சிகளை வளைத்தால் பட்டென்று ஒடிகிறது. அச்சு மட்டும் இன்னும் அழகு. அதை அவர் கட்டப் போவதில்லை, அவ்வப்போது மூடியைத் திறந்து பார்ப்பதோடு சரி.

நான் பிப்ரவரியில் வேறு வழியில் போனேன். பழைய பிளான்களை இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கும் அவுட்டர்சோன் என்ற இணையதளத்திலிருந்து செனட்டர் பிளானை இறக்கி, பிரின்ட் கடைக்காரரிடம் “தாளுக்குள் அடக்காதீர்கள், நூறு சதவீதம்” என்று மூன்று தடவை சொல்லி, வாங்கியதும் கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அண்ணன் தன் கையிருப்பிலிருந்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்துத் தகடுகள் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். “பிளானுக்கு மேலை கிளிங் ஃபிலிம் விரிச்சுப்போட்டு ஒட்டுங்கோ, இல்லாட்டி பிளானும் சேர்ந்து பறக்கும்” என்று மட்டும் சொன்னார். டிஷ்யூ ஒட்டி, தண்ணீர் தெளித்து இழுக்கவிடும்போது இறக்கையைப் பலகையோடு பிடித்து வைக்க மறந்ததால் இடது இறக்கை கொஞ்சம் முறுக்கிக்கொண்டது, அது என் சொந்தத் தப்பு, அதற்கு யார் மேலும் புகார் இல்லை. மே மாதம் பறந்தது. இடப்பக்கமாகவே வட்டமடித்தது, ஆனால் பறந்தது. அந்த 95 பவுண்டுப் பெட்டியில் இப்போது மிச்சக் குச்சிகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன் நேற்று ராத்திரி சும்மா அந்தத் தளத்தில் தேடிப் பார்த்தேன். விற்கிறவர் பெயர் வேறு. செனட்டர்தான், அதே படம், அதே மூலைக் கிழிசல், அதே பளபளப்பு உறை. அப்பாவுக்குப் பதிலாகத் தாத்தாவின் பரண். ஒன்றே ஒன்றுதானாம், விலை 98.